ஞாயிறு காலை 9 மணி மகாபாரதமும் அம்மாவை எழவிடாத ஒரு கேசரோலும்: யோசனை தேவை

பாமணிக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். இது சமையல் கேள்வியா டிவி கேள்வியா என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. கொஞ்சம் நீளமாகவும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருப்பது மன்னார்குடிக்குப் பக்கத்தில். அம்மாவுக்கு 76 வயது. மூன்று வாரத்துக்கு முன்னால் என் பெண் யூடியூபில் பழைய மகாபாரதத்தைத் தேடிப் பிடித்து டிவியில் போட்டாள். பி.ஆர். சோப்ரா எடுத்த இந்தித் தொடர். தொடக்கப் பாட்டு முடிந்து, காலம் பேசுவதுபோல வருமே அந்தக் குரல், அது ஆரம்பித்ததும் அம்மா எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இந்தக் குரலு வர்றப்ப டிவியில என்ன காட்டுவான்னு எனக்கு இன்னைக்குத்தான்டி தெரியுது."

எனக்குப் பொட்டில் அடித்தமாதிரி ஆகிவிட்டது.

1988 அக்டோபர் 2 தொடங்கி 1990 ஜூன் 24 வரைக்கும், 94 பகுதிகள். எங்கள் தெருவில் அப்போது மூன்று வீட்டில்தான் டிவி. மூன்றிலும் புள்ளி விழாமல் தெரிந்தது எங்கள் வீட்டில். மரக்கதவு வைத்த டயனோரா, கறுப்பு வெள்ளை. ஞாயிற்றுக்கிழமை எட்டே முக்காலுக்கே கூடம் நிறைந்துவிடும். திண்ணையில், சன்னல் கம்பியில், முற்றத்துத் தூணோரம் என்று எப்படியும் இருபது இருபத்தைந்து பேர். நடவு நேரத்தில்கூட ஒன்பது மணிக்கு மேல் ஆள் கிடைப்பதில்லை என்று அப்பா திட்டுவார், திட்டிக்கொண்டே அவரும் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். வந்தவர்களில் பாதிப் பேருக்குக் காப்பி, பிள்ளைகளுக்கு இட்லி, கடைசியாக வரும் பெரியப்பாவுக்கு முறுகலாகத் தோசை. அத்தனையும் அம்மா ஒருத்தி. 94 பகுதியில் ஒன்றைக்கூட அவள் முழுசாகப் பார்த்ததில்லை. கர்ணன் விழுந்த அன்றைக்கு மட்டும் கூடத்தில் சத்தம் அடங்கியதை வைத்தே தெரிந்துகொண்டு, கரண்டியோடு வந்து நிலைப்படியில் நின்றாள். எனக்கு அப்போது பன்னிரண்டு பதிமூன்று வயது. அந்தக் கரண்டி ஞாபகம் இருக்கிறது, அவள் முகம் ஞாபகம் இல்லை.

இப்போது ஞாயிறு தவறாமல் ஒன்பது மணிக்குப் பார்க்கிறோம். வாரத்துக்கு ஒன்றுதான். என் பெண் "ஒரே நாள்ல அஞ்சு பாக்கலாம் பாட்டி" என்றாள். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "பாஞ்சாலி சபையில எத்தனை வாரம் நின்னா! ராத்திரியோட ராத்திரியா முடிச்சுட்டுப் படுத்துத் தூங்குறதுக்கா?"

சிக்கல் இதுதான்: அம்மாவால் உட்கார முடியவில்லை. ஐந்து நிமிஷம் பார்ப்பாள், "பால் பொங்கிடும்" என்று எழுந்துவிடுவாள். அடுப்பில் பாலே இருக்காது. நான் போய்ச் சமைத்தாலோ பின்னாலேயே வந்து நிற்பாள். ஆக, ஒன்பது மணிக்கு முன்னால் எங்கேயாவது வைத்துவிட்டு, முக்கால் மணி நேரம் யாருமே சமையலறைப் பக்கம் போகத் தேவையில்லாத டிபன் ஒன்று வேண்டும். உப்புமாவும் பொங்கலும் ஆறினால் தொண்டையில் இறங்குவதில்லை.

அமெரிக்காவில் இருக்கும் தம்பி பெண்டாட்டி போனில், "கேசரோல் பண்ணுங்க அண்ணி, எல்லாத்தையும் அடுக்கி ஓவன்ல வச்சுட்டா அதுபாட்டுக்கு வெந்துக்கும்" என்றாள். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, பரணிலிருந்து சப்பாத்தி வைக்கும் ஹாட்பேக்கை இறக்கித் துடைத்து எதிரே வைத்துவிட்டாள். எங்கள் வீட்டில் கேசரோல் என்றால் அதுதான்! உங்கள் வீட்டிலும் அப்படித்தானே?

ஓ.டி.ஜி. என்கிற சின்ன மின்சார ஓவன் இருக்கிறது, 28 லிட்டர், இதுவரைக்கும் பெரும்பாலும் ரஸ்க்தான் சூடு பண்ணியிருக்கிறோம். சுத்த சைவம், முட்டை கிடையாது. அம்மாவுக்கு மேல்வரிசையில் பல் இல்லை, மெத்தென்று இருக்க வேண்டும். தொட்டுக்கொள்ளத் தனியாக எதுவும் அரைக்கிற மாதிரி வேண்டாம். தோசை என்ற பேச்சே வேண்டாம், அம்மாவுக்கும் மகாபாரதத்துக்கும் நடுவில் நின்ற முதல் எதிரி அந்தத் தோசைக்கல்தான்.

போன வாரம் மக்ரோனியில் பாலும் சீஸும் ஊற்றி வைத்தேன். அம்மா இரண்டு கரண்டி சாப்பிட்டுவிட்டு, "பால்சோத்துல யாருடி ரப்பரப் போட்டது?" என்றாள்.

கும்பகோணத்து மருமகள்:

அக்கா, ரப்பர் என்று படித்ததும் சத்தமாகச் சிரித்துவிட்டேன். என் மாமியாரும் இதே கட்சி.

நான் செய்வது இட்லி கடப்பா பேக். எங்கள் ஊரில் கடப்பா தெரியாதவர் இல்லை, உங்கள் பக்கமும் தெரிந்திருக்கும். வழக்கமாக இட்லிக்கு மேலே ஊற்றிச் சாப்பிடுவதை அடுக்கி ஓவனில் வைக்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

நாலு பேருக்கு 12 இட்லி. சனிக்கிழமை சுட்டதாக இருக்கட்டும், சுடச்சுட இட்லி குழைந்துபோகும். ஒவ்வொன்றையும் நாலாக வெட்டிக்கொள்ளுங்கள். கடப்பாவுக்கு அரை கப் பாசிப்பருப்பு குழைய வேகவைத்தது, இரண்டு உருளைக்கிழங்கு வேகவைத்துப் பாதி மசித்தது, வெங்காயம் இரண்டு, பச்சைமிளகாய் மூன்று. அரைக்க: அரைமூடித் தேங்காய், ஒரு பெரிய கரண்டி பொட்டுக்கடலை, ஒரு சின்னக் கரண்டி சோம்பு, அதே அளவு கசகசா, பூண்டு மூன்று பல். பட்டை, கிராம்பு, பிரிஞ்சி இலை தாளித்து வெங்காயம் மிளகாயை வதக்கி, எல்லாம் சேர்த்து ஒரு கொதி. மஞ்சள்தூள் வேண்டாம், கடப்பா வெளுப்பாக இருந்தால்தான் கடப்பா.

முக்கியமான சங்கதி: வழக்கத்தைவிடத் தண்ணியாக இருக்க வேண்டும், ஏறக்குறைய ரசத்துக்கும் சாம்பாருக்கும் நடுவில். முதல் தடவை நான் கெட்டியாக வைத்துவிட்டேன். இட்லி அத்தனையையும் உறிஞ்சிக்கொண்டது, வெளியே எடுத்தால் செங்கல். மாமனார் ஒன்றும் சொல்லாமல் தண்ணீர்ச் சொம்பைப் பக்கத்தில் நகர்த்தி வைத்துக்கொண்டார், அது திட்டியதைவிட மோசம்.

நெய் தடவிய பாத்திரத்தில் ஒரு கரண்டி கடப்பா, அதன்மேல் இட்லி, மறுபடி கடப்பா, இட்லி, மேலே மீதி எல்லாம். கடைசியாகத் துருவிய தேங்காய், நொறுக்கிய முந்திரி, கறிவேப்பிலை, இரண்டு கரண்டி நெய். ஓவனை 180 டிகிரியில் பத்து நிமிஷம் முன்கூட்டியே சூடாக்கி, அலுமினிய ஃபாயில் பேப்பரால் மூடி 25 நிமிஷம், பேப்பரை எடுத்துவிட்டு மேல் கம்பியில் மட்டும் ஐந்தாறு நிமிஷம். எலுமிச்சம்பழம் பரிமாறும்போதுதான் பிழிய வேண்டும்.

சீஸ் போடலாமா என்று கேட்பீர்கள். போடலாம், ஆனால் அது கடப்பாவுக்குச் செய்யும் துரோகம்.

பாமணிக்கரை:

இது நல்லா இருக்கும் போலிருக்கே! ஒரு சந்தேகம், பேப்பரை எடுக்க யாராவது எழுந்து போக வேண்டுமே? நான் எழுந்தால் அம்மாவும் எழுந்துவிடுவாள், நிழல்மாதிரி.

ஒஹையோவில் ஒரு ஒரத்தநாட்டான்:

பேப்பர் பிரச்சினைக்கு வழி இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அந்த ஹாட்பேக் விஷயம். அம்மா சொன்னதில் தப்பே இல்லை. கேசரோல் என்ற சொல் பிரெஞ்சிலிருந்து வந்தது, அங்கே அது பாத்திரத்தின் பெயர்தான், அப்புறம்தான் பாத்திரத்தில் இருப்பதற்கும் அதே பெயர் ஆனது. நாம் குழம்புச்சட்டியையும் குழம்பையும் பிரித்துவைத்தோம், அவர்கள் பிரிக்கவில்லை.

இங்கே நன்றி சொல்லும் திருநாளுக்குப் பீன்ஸ் கேசரோல் இல்லாத வீடு அபூர்வம். பீன்ஸ், டின்னில் வரும் காளான் சூப், மேலே பொரித்த வெங்காயம். ஏதோ பாட்டி காலத்துப் பண்டம் என்று நினைத்திருந்தேன். இல்லை, 1955இல் கேம்பெல் சூப் கம்பெனியின் சோதனைச் சமையலறையில் டார்கஸ் ரெய்லி என்ற பெண்மணி உருவாக்கியது, சூப் டின் விற்பதற்காக. வீட்டில் எப்போதும் இருக்கும் பொருள்களை வைத்தே செய்துவிட வேண்டும் என்பதுதான் கணக்கு. டிவி முன்னால் உட்கார்ந்து சாப்பிடவென்றே தட்டோடு உறையவைத்து விற்ற சாப்பாடு வந்ததும் அந்த ஐம்பதுகளில்தான். டிவி வந்ததும் சமையலறையிலிருந்து ஆளை விடுவிக்க அங்கே கம்பெனிகள் யோசித்தன. நம் தெருவில் டிவி வந்தபோது காப்பிக் கணக்குத்தான் கூடியது. என் அம்மாவும் உங்கள் அம்மா மாதிரிதான். வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் பாட்டுகளை அவர் அடுக்களையிலிருந்தே கேட்டுப் பாடுவார். யார் நடித்தது என்று கேட்டால் தெரியாது.

இங்கே பெண்கள் செய்வது என்னவென்றால், முதல்நாள் ராத்திரியே அடுக்கி மூடி பிரிட்ஜில் வைத்துவிடுவார்கள். காலையில் அப்படியே ஓவன். நீங்களும் சனிக்கிழமை ராத்திரி, அம்மா படுத்த பிறகு செய்யுங்கள். ஞாயிறு எட்டேகாலுக்கு வைத்து, எட்டே முக்காலுக்குப் பேப்பரை எடுத்து மேலே சிவக்கவிட்டு, ஒன்பதுக்கு அணைத்து, உள்ளேயே விட்டுவிடுங்கள். கதவைத் திறக்காத வரை சூடு நிற்கும். உள்ளே இருக்க இருக்க இட்லியும் குழம்பும் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். எடுத்த உடனே வெட்டினால்தான் கொழகொழவென்று ஓடும்.

உப்புக்காற்று:

வேதாரண்யத்திலிருந்து ஒரு எச்சரிக்கை. மேலே சார் சொன்னதை அப்படியே செய்துவிடாதீர்கள். பிரிட்ஜிலிருந்து எடுத்த கண்ணாடிப் பாத்திரத்தை நேரே சூடான ஓவனில் வைத்தால் விரிசல் விடும். நான் அனுபவப்பட்டவன். உருளைக்கிழங்கு, கேரட், பட்டாணி, வெள்ளை சாஸ் எல்லாம் ஓவன் தரையில், கண்ணாடித் துண்டுகளோடு. ராத்திரி பத்து மணிக்குப் பிரட் வாங்க அலைந்தேன். ஏழு மணிக்கே எடுத்து வெளியே வையுங்கள், இல்லையென்றால் எவர்சில்வர் அல்லது அலுமினியப் பாத்திரத்தில் செய்யுங்கள்.

இன்னொன்று, இன்வர்ட்டர் லைனில் ஓவனைச் செருகாதீர்கள். 1500 வாட் இழுக்கும், வீட்டு இன்வர்ட்டர் கத்திவிட்டுப் படுத்துக்கொள்ளும்.

மகாபாரதம் எங்கள் பக்கம் சுமாராகத்தான் தெரிந்தது. எங்களுக்கு இலங்கை டிவியான ரூபவாகினிதான், கண்ணாடி மாதிரி. கடலுக்கு அந்தப்பக்கம் யாழ்ப்பாணம்தானே. மொட்டைமாடியில் இருபது அடிக் குழாய் நட்டு ஆன்டெனா, பூஸ்டர். அப்பா மேலே நின்று திருப்புவார், நான் கீழே "வந்துருச்சு, வந்துருச்சு, போயிருச்சு" என்று கத்துவேன். கேபிள் வந்து எத்தனையோ வருஷமாகியும் அந்தக் குழாயைக் கழற்ற மனசு வரவில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் வந்துதான் கழற்றியது. தென்னை மரமே நிற்கவில்லை, குழாய் எங்கே நிற்கும்.

பாபநாசம் பழைய தபால்காரர்:

அம்மாடி, திருநெல்வேலி பாபநாசம் இல்லை, நம் தஞ்சாவூர் பாபநாசம். ஓவன் கதையெல்லாம் படித்தேன். நல்லதுதான், செய்யுங்கள். ஆனால் அடுக்கிவைத்து மூடிவிட்டு உட்காரும் சமையல் நமக்கு அமெரிக்காவிலிருந்தா வர வேண்டும்? வெண்கலப் பானை எங்கே போயிற்று?

அரிசி உப்புமா. பச்சரிசி இரண்டு டம்ளர், அதோடு துவரம்பருப்பு இரண்டு கரண்டி, மிளகு, சீரகம். ரவையாக உடைத்து முன்னாலேயே வைத்துக்கொள்ளலாம். பானையில் எண்ணெய் தாராளமாக விட்டு, கடுகு, உளுத்தம்பருப்பு, கடலைப்பருப்பு, வற்றல் மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை. ஒரு டம்ளர் ரவைக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர், உங்கள் தாயாருக்குப் பல் இல்லை என்பதால் மூன்றாக வையுங்கள். உப்பு, தேங்காய்த்துருவல் போட்டுக் கொதித்ததும் ரவையைத் தூவிக் கிளறி, மூடி, தீயை அடக்கி இருபது நிமிஷம். அப்புறம் அணைத்துவிட்டு, மூடியைத் திறக்கவே கூடாது. கனத்த வெண்கலம் சூட்டை விடாது. நீங்கள் ஆறிப்போகிறது என்று சொல்லும் உப்புமா மெல்லிய பாத்திரத்து ரவா உப்புமா. இதில் ஒன்பதுக்கு மூடினால் பத்து மணிக்கும் ஆவி வரும். அடியில் பிடிக்கும் காந்தலுக்கு எங்கள் வீட்டில் நாலு பிள்ளைகளும் பானையை இழுத்துக்கொண்டு சண்டை போடுவோம். தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காய் கொத்சு, அது சனிக்கிழமை ராத்திரியே செய்துவிடலாம், மறுநாள்தான் இன்னும் ருசி.

எங்கள் தெருவில் மகாபாரதத்துக்கு மொழிபெயர்ப்பாளன் நான்தான். ராஷ்டிரபாஷா வரை இந்திப் பரீட்சை எழுதியிருந்தேன், அந்தத் தைரியம். வசனம் எழுதிய ராஹி மாசூம் ரசா உருது தெரிந்த பெரிய எழுத்தாளர், இதற்கென்று சமஸ்கிருதம் கலந்து பிதாஸ்ரீ, மாதாஸ்ரீ என்று எழுதியிருந்தார். அதனால் எனக்குத் தெரியாத இடத்தில்கூட கிழவிகளுக்குப் புரிந்துவிடும். நான் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தால், "நீ சும்மா இரு, சகுனி என்ன சொல்லுவான்னு எங்களுக்குத் தெரியாதா" என்பார்கள். திரௌபதி அம்மன் கோயில் கூத்தில் விடிய விடியப் பார்த்தவர்கள், அவர்களுக்கு நான் எதற்கு?

எனக்குத் தோன்றிய இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வனவாசத்தில் பாஞ்சாலியிடம் ஒரு பாத்திரம் இருந்ததே. அவள் சாப்பிடும் வரைக்கும் அது சுரந்துகொண்டே இருக்கும், அவள் சாப்பிட்டுக் கழுவிக் கவிழ்த்தால் அன்றைக்கு அவ்வளவுதான். அதனால் அவள் எல்லாருக்கும் கடைசி. நீங்கள் எதைச் செய்தாலும் முதல் தட்டை உங்கள் தாயாரிடம் கொடுங்கள்.

பாமணிக்கரை:

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

இந்த வாரம் கடப்பா பேக்தான் செய்தேன். சனிக்கிழமை ராத்திரி அம்மா தூங்கிய பிறகு அடுக்கினேன், எவர்சில்வர் பாத்திரத்தில், உப்புக்காற்று தம்பி சொன்னபடி. ஏழு மணிக்கு வெளியே எடுத்து வைத்தேன். கரண்டு போகவில்லை, அதுவே பெரிய விஷயம். ஒன்பதுக்கு அணைத்துவிட்டு வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, அவள் முந்தானை என் காலுக்கடியில் இருக்கிறமாதிரி பார்த்துக்கொண்டேன். வேண்டுமென்றேதான்.

பீஷ்மர் சபதம் செய்யும் இடம் வந்தது. அம்மா ஒரு தடவை எழப் பார்த்தாள். "என்னடி, சமையக்கட்டுல சத்தத்தையே காணோம்?" என்றாள். சத்தம் வராததுதான் அவளுக்குச் சங்கடம்! என் பெண் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் எழவில்லை. வாய் திறந்திருந்தது. அப்பாவுக்காக ஒருத்தன் இத்தனையும் விட்டுவிடுவானா என்று அவளுக்கு நூறு தடவை தெரிந்த கதைதான், ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்து இப்போதுதான் கோபம் வந்திருக்கிறது: "இந்தக் கெழவனுக்கு இன்னொரு கல்யாணம் கேக்குதா? புள்ளையக் கெடுத்துட்டானே." நடிகரைப் பார்த்துத் திட்டியதை நான் அவளிடம் இதற்குமுன் கேட்டதே இல்லை.

முடிந்ததும் நான் ஓவனிலிருந்து எடுத்துவர, அம்மா கையோடு ஹாட்பேக்கைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, "அதுல வச்சா ஆறிடும், கேசரோல்ல மாத்து" என்றாள். அடுக்கெல்லாம் கலைந்து, பேக் செய்த கேசரோல் கேசரோலுக்குள் போய்விட்டது. கும்பகோணத்து மருமகள் மன்னிக்க வேண்டும், படம் எடுக்கிற நிலைமையில் இல்லை. ருசியில் குறையில்லை.

முதல் தட்டு அம்மாவுக்கு. "இதென்ன புதுப் பழக்கம்?" என்று கேட்டுவிட்டு, பாத்திரத்தில் ஓரம் சிவந்து பிடித்திருந்ததைச் சுரண்டிப் போடச் சொன்னாள். பல் இல்லாமல் அதை எப்படி மென்றாள் என்று தெரியவில்லை. கொஞ்சம் காரம் வேண்டுமாம், பச்சைமிளகாயை ஐந்தாக்கப் போகிறேன்.

அடுத்த ஞாயிறு அரிசி உப்புமா. ஐயா, பரணிலிருந்து வெண்கலப் பானையை இறக்கிவிட்டேன். பதினைந்து வருஷமாவது கிடந்திருக்கும். வெளியே கறுப்பு, உள்ளே அடியில் லேசாகப் பச்சை பிடித்திருக்கிறது. புளி போட்டுத் தேய்த்தால் போதுமா?

பாபநாசம் பழைய தபால்காரர்:

வெளியே புளியும் சாம்பலும் போதும். உள்ளே பச்சை இருக்கும் வரை அதில் சமைக்காதீர்கள், களிம்பு வயிற்றுக்கு ஆகாது. புளியும் கல்லுப்பும் போட்டு இரண்டு மூன்று தடவை தேய்த்து, தண்ணீர் கொதிக்கவைத்துக் கொட்டிப் பாருங்கள். போகவில்லையென்றால் பாத்திரக் கடையில் கொடுங்கள், ஞாயிறுக்குள் தேய்த்துத் தந்துவிடுவார்கள். மெருகு மட்டும் போட்டுத் தருவதாகச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், உள்பக்கத்தைக் காட்டிக் கொடுங்கள். அப்புறம், காந்தலை இந்தத் தடவை உங்கள் பெண்ணுக்கும் கொஞ்சம் கேட்டு வாங்குங்கள்.